கொசுறு

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று
அலைபேசி ஒருமுறை நடுங்கி அடங்கும்
மாத ஆரம்பத்தில் ஏதோ ஒரு காலை.
முப்பத்தோரு வருடம் ஜவ்வரிசி ஆலையில்
மரவள்ளி லாரிகளை எடைபோட்டு
வண்டியைக் கழித்து, மண்ணைக் கழித்து, ஈரம் கழித்து
மிச்சத்தை எழுதிய கை இது.
இப்போது என்னை யாரோ
அப்படிக் கழித்து எழுதி அனுப்புகிறார்கள்.

அஞ்சலக வட்டி மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
அதுவும் இதுவும் சேர்ந்துதான்
குகையில் இந்த ஒன்றரை அறைக்கு வாடகை,
அவளுடைய சர்க்கரை, என்னுடைய ரத்த அழுத்தம்,
இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர்.
அதை மூன்றுக்கு இழுக்க அமிர்தவல்லிக்குத் தெரியும்.
கொதி வந்ததும் அணைத்து மூடிவிடுவாள்,
மீதியை அரிசியே பார்த்துக்கொள்ளும்.

பெண்களுக்குக் காசில்லை என்று பஸ் ஓடத் தொடங்கியதும்
வெளிவேலை முழுக்க அவளுடையதாயிற்று.
துவரம்பருப்பு நாலு ரூபாய் குறைவென்றால் செவ்வாய்ப்பேட்டை,
காய்க்கு சூரமங்கலம் உழவர் சந்தை.
நான் நடப்பேன்,
டாக்டர் சொன்னார் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு.
சில நாள் அவள் வண்டி என்னைக் கடக்கும்.
ஜன்னலுக்கு வெளியே பையோடு ஒரு கை ஆடும்,
கண்டக்டர் திட்டுவார்.

பூஜ்ஜியம் அச்சடித்த சீட்டுகளை அவள் எறிவதில்லை.
காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கழுத்துவரை இருக்கிறது.
"ஒண்ணொண்ணும் பத்து ரூபா, எண்ணிப் பாருங்க."

நோட்டு எழுதுவது நான்.
ராத்திரி அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்.
ஆவணியில்தான் கண்ணில் பட்டது
கறிவேப்பிலை, 20.
வியாழக்கிழமைதோறும்.

கறிவேப்பிலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?
காய் வாங்கினால் கொசுறாக வருவது.
கிழங்குக்கு அடியில் கல்லை வைத்து ஏற்றிய லாரியை
டயரைப் பார்த்தே பிடித்தவன் நான்.

அடுத்த வியாழன் பின்படியில் ஏறினேன்,
பத்து ரூபாய்ச் சீட்டு.
முன்பக்கம் கூட்டத்துக்கு நடுவே அவள் கொண்டை
திரும்பவே இல்லை.

சந்தைக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினாள்.
வேப்பமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி.
கேட்காமலே அந்தப் பையன் அடுக்கினான்:
தட்டுவடை, அதன்மேல் பீட்ரூட் துருவல்,
காரச் சட்னி, புதினா, மறுபடி தட்டுவடை.
நின்றபடியே தின்றாள், கண்ணை மூடிக்கொண்டு,
ஆடும் கடைவாய்ப் பல்லுக்கு வழிவிட்டு
வலப்பக்கமாக மென்று.
எனக்கும் அவளுக்கும் நடுவில் ரோடு, ரோடு நிறைய லாரி.
நொறுங்கும் சத்தம் கேட்டிருக்க முடியாது.
கேட்டது.

தின்று முடித்துத் தட்டை நீட்டி ஏதோ சொன்னாள்.
பையன் சிரித்துக்கொண்டே
உடைந்த தட்டுவடை ஒன்றைச் சட்னியில் தோய்த்துப் போட்டான்.
காசில்லாமல்.

ஐந்து ரோடு வழியாக நடந்தே வீடு வந்தேன்.

ராத்திரி ரசத்தில் நாலே நாலு இலை மிதந்தது.
"தக்காளி பதினெட்டு, வெங்காயம் முப்பது,
கறிவேப்பிலை இருபது" என்றாள்
குரல் கொஞ்சமும் மாறாமல்.
எழுதினேன்.
என் பத்து ரூபாய்க்கு இடம் தேடி
"ரீஃபில் ஒண்ணு, பத்து" என்றேன்.
"போன வாரம்தானே வாங்கினீங்க."
அவள் பார்த்தது நோட்டை அல்ல,
வாசலில் கிடந்த என் செருப்பை.
கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள்,
"எழுதிக்கோங்க."