கவாத்து

பத்தொன்பது ஆட்டம், பதினேழு தோல்வி.
என்னைக் கூப்பிட்டபோது இவ்வளவுதான் சொன்னார்கள்.
குன்னூர் ஏல மையத்தில் பதினோரு வருடம்
தேநீரை உறிஞ்சி உறிஞ்சித் துப்பியவள் நான்.
பந்தைக் கடைசியாகத் தொட்டது பள்ளிக்கூடத்தில்.
"துப்பத் தெரியுமில்ல, அது போதும்"
என்றார் முதலாளி.
மேலாளர் நாற்காலியின் ஒரு கால் ஆடியது.

அருவங்காட்டுப் பக்கம் தகரக் கூரை அரங்கம்.
மழை பிடித்தால் நடுவரின் விசில் கேட்காது.
ஜன்னல் வழியே மஞ்சு நுழைந்து
வளையத்துக்குக் கீழே நின்றுகொள்ளும்,
ஆறாவது ஆட்டக்காரன் மாதிரி,
எந்த அணி என்று சொல்லாமல்.

மூன்றாம் கால்பகுதி முடிகையில்
ஜனம் எழுந்துவிடும்.
கோத்தகிரிக்குக் கடைசி பஸ் எட்டே முக்கால்.
குறை சொல்ல முடியாது.
நானும் போயிருப்பேன்.

முதலில் கெவினை விற்றேன்.
ஆட்டத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளி,
மொத்தச் சம்பளத்தில் பாதி.
அவன் கைக்குப் பந்து போனால் மற்ற நால்வரும்
கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பார்கள்.
பதிலுக்குக் கிடைத்தது
மன்னார்குடிப் பையன் ஒருவன், ஆறடி ஒன்பது, முழங்காலில் வலி;
அடுத்த வருடத் தேர்வில் கூடுதலாக ஒரு இடம்;
பெட்போர்டு டீக்கடைச் சுவரில்
கரியால் என் பெயர்.
ஜெசிந்தாவில் 'ந்' இல்லை.

பிறகு ஆரோக்கியசெல்வன்.
முப்பத்து நாலு வயது. பந்தைத் தருவான், கேட்கமாட்டான்.
என் தாளில் அவன் எண்கள்
பர்லியார் வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கின.
கூப்பிட்டு உட்காரவைத்து
கவாத்தைப் பற்றிப் பேசினேன்.
சில வருடத்துக்கு ஒருமுறை செடியை
முழங்கால் உயரத்துக்கு வெட்டுவதை,
மொட்டைக் குச்சியில் மறுபடி பச்சை வருவதை.
எனக்கே அழகாகக் கேட்டது.

"செடிக்கு வீட்டு வாடகை கிடையாது மேடம்."
இரண்டு காலணியையும் நாடாவால் முடிந்து
தோளில் போட்டுக்கொண்டான்.
கதவை மெதுவாகச் சாத்தினான்.
அறைந்திருக்கலாம்.

அதன் பிறகு அந்தச் சொல்லை
யாரிடமும் எடுக்கவில்லை.
"உன்னை நீக்குகிறேன்" என்று
கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகினேன்.
ஒன்பது பேரிடம் சொன்னேன்.

அந்த வருடம் இன்னும் தோற்றோம்.
வேண்டுமென்றே தோற்கிறாள் என்றார்கள்.
பாதி உண்மை.
பாதி உண்மைக்குத்தான் தூக்கம் வராது.
இத்தனைக்கும் குலுக்கலில் நான்காம் சீட்டுதான் வந்தது.

நான்காவதாக எடுத்தேன் போஜனை.
கேத்திக்காரன், காரட் மூட்டை ஏற்றிய தோள்.
தூரத்திலிருந்து எறிந்தால் பத்தில் மூன்று விழும்.
ஆனால் சமவெளிக்காரர்கள்
ஆறாயிரம் அடியில் வாயைப் பிளந்து
முழங்காலில் கையூன்றும் நேரத்தில்தான்
இவன் ஓடவே ஆரம்பிப்பான்.
ஓடுங்கள் என்றேன் எல்லாரிடமும்.
வேறு திட்டம் ஏதும் என்னிடம் இல்லை.

மூன்றாம் வருடம், ஜனவரி, வெளியே புல்லெல்லாம் உறைபனி.
சேலம் அணியோடு ஆட்டம்.
ஆறு நொடி பாக்கி, ஒரு புள்ளி முன்னால் நாங்கள்.
அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
கோட்டில் ஆரோக்கியசெல்வன்.
உள்ளங்கையில் எச்சில் தொட்டு
காலணியின் அடியைத் துடைத்தான்.
மஞ்சு இறங்கினால் இந்தத் தரை வழுக்கும்.
ஆறு வருடம் இங்கே ஆடியவன்.
என் பக்கம் திரும்பவில்லை.
இரண்டும் உள்ளே.

போஜன் எறிந்தது வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது.

தோல்விக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
நிமிர்ந்தால் மணி ஒன்பது ஐந்து.
இருக்கை ஒன்றும் காலியில்லை.
வெளியே ஆளில்லாத பஸ் உறுமிக்கொண்டிருக்க
வாசற்படியில் கண்டக்டர்,
விசில் உதட்டில்,
ஊதாமல்.