ஏர் லாக்

பீளமேட்டில், மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு மேல்
என் அறை.
பகலில் மைக் போட முடியாது.
கோடை பிறந்துவிட்டால் இரவிலும் முடியாது.
ஆகவே சத்தங்களைப் பதிவதை விட்டுவிட்டேன்.
எழுதிக் கேட்கிறேன்.

எட்டு பார். வேகம் நூற்று இருபத்தெட்டு.
அடியிலிருந்து மேலேறி உச்சியில் அறுபட வேண்டும்
என்று ஏஐயிடம் தட்டினால்
டீ ஆறுவதற்குள் பன்னிரண்டு தருகிறது.
விமானம் கிளம்புவது போல் ஒன்று.
கடல் பின்வாங்குவது போல் மூன்று.
பாக்கியெல்லாம், பெரிய பெரிய போர்வையை
யாரோ வானத்தில் நின்று உதறுவது போல.
எதிலும் குறை சொல்ல முடியாது.
எதிலும் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை.

டிராப் விழுவதற்கு முந்தைய
அந்தப் பதினைந்து விநாடிதான் என் பிழைப்பு.
பாட்டும் மேடையும் ஃப்ளெக்ஸில் இருக்கும் முகமும்
யுகேந்திரனுடையவை.

கரண்ட் பில்லோடு மேலே வந்தாள் ருக்மணி.
கீழே காயில் சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் வார்னிஷ்.
ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்து
ஏழாவதைக் கேட்டாள்.
"இது தண்ணி இழுக்கலீங்களே.
ஏர் லாக்.
இப்படியே ஓட உட்டீங்கன்னா காயில் பொகைஞ்சுரும்.
நிறுத்திப்போட்டு, ஒரு கொடம் ஊத்தி
மறுக்கா போடோணும்."
பில்லில் என் பங்கு அறுநூற்று நாற்பது.
வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்று இரவு எழுதினேன்:
ஆயிரத்துச் சொச்சம் அடி போர். கம்ப்ரசர்.
குழாய் முதலில் காற்றைத் துப்பும்.
அப்புறம் இருமும். அப்புறம் சேறு.
அப்புறம்

அத்தோடு அனுப்பினேன்.
அந்த இடத்தில் ஓர் அருவியைக் கொண்டுவந்து வைத்தது.
தண்ணீர் வேண்டாம் என்றேன்.
மழை பெய்தது.
தண்ணீர் வரவில்லை என்றேன்.
சொட்டுச் சொட்டாக ஒழுகியது.
பாவம், வந்தவரை வெறுங்கையோடு
அனுப்பத் தெரியாத வீடு போலிருக்கிறது அது.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் கொறங்காட்டில்
ரிக் வண்டி நின்ற ராத்திரி எனக்குப் பதினாலு வயது.
எண்ணூறில் மண் ஈரமாக வருவதாக யாரோ சொன்னார்கள்.
ஆயிரத்து நூறில் வெள்ளைப் புழுதி,
வெள்ளவேலான் மேல், ஏஜெண்டின் பைக் மேல்,
ரேட் எழுதிய நோட்டைப் பிடித்திருந்த அப்பாவின் மேல்.
வறண்ட அடிக்கும் அதே ரேட்.
டிரில்லை நிறுத்தினார்கள்.
ஜெனரேட்டர் மட்டும் ஜி சுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
சுரம் என்ற ஒன்று இருப்பதே
அப்போது எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் அதற்கு எழுதவில்லை.
முப்பத்தோராவது முறை அதுவாகவே தவறியது.
ஏறிக்கொண்டே போய்
ஆறாவது பாரில் அறுந்து
மிச்சம் இரண்டு பார் ஒன்றுமேயில்லை.
கோப்பில் பிழை, மறுபடி செய்யவா என்று கேட்டது.
வேண்டாம் என்று அமுக்கினேன்.

சனிக்கிழமை, கொடிசியா மைதானம்.
நான் கம்பித் தடுப்புக்குப் பின்னால், சவுண்ட் டெஸ்க் பக்கம்.
யுகேந்திரன் ஃபேடரைத் தள்ளினான்.
நாலாயிரம் பேர் கை மேலே.
ஏறியது, இன்னும் ஏறியது,
அறுந்தது.

யுகேந்திரன் லேப்டாப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
கையை இறக்கலாமா வேண்டாமா என்று
முன்வரிசையில் ஒருத்தன் யோசித்தது தெரிந்தது.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஃப்ளெக்ஸை அறைவது கேட்டது.
மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்.
ஜி-யேதான்.

பிறகு டிராப் விழுந்தது.
விழத்தான் செய்யும், அங்கே வைத்தவளே நான்தான்.
ஆனாலும் ஒரு கணம்
எனக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.
தலையோடு நனைந்தவர்களைப் போல் குதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெசேஜ் போட்டான்:
இதே மாதிரி இன்னும் ஆறு வேணும்,
அந்தக் காலி இடத்தை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணி.
விநாடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பினேன்.
காலி விநாடிக்கும் அதே ரேட்.