மீதிப் பாதி

ரோசெந்தால் கடையில் இரண்டு சீட்டு,
அரசாங்கக் காட்டில் ஓரிரவு படுக்க.
தேதி எழுதி, பாதியைக் கிழித்துத்
தகரப் பெட்டிக்குள் போடவேண்டுமாம்.

நிலானி கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டுகிறாள்.
தண்ணீர் எடுக்கப் போன இடத்தில்
பாசி மூடிய எல்லைக் கல்.
போத்தலை அதன்மேல் வைத்தேன்,
உடனே எடுத்தேன்.

தொண்ணூற்றாறு மார்கழியில்
இப்படியொரு கல்லைத்தான்
வயிற்றால் ஊர்ந்து கடந்தோம், ஒன்பது பேர்.
இருமல் வந்த யோகன்
தொப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

"அப்பா, லைட்டை அடியுங்கோ, ஆணி தெரியேல்லை!"
அடித்தேன்.
மற்றக் கை தானாக வந்து
வெளிச்சத்தைப் பொத்தியது.

ஒருவரும் வந்து பார்க்கப்போவதில்லை,
நரிகூடக் கேட்காது என்று சிரிக்கிறாள்.
மரங்களுக்கு மேல் விமானமொன்று போய் அடங்குகிறது.

சீட்டின் மீதிப் பாதியைச்
சப்பாத்துக்குள் மடித்து வைத்துவிட்டுப் படுக்கிறேன்.