மழை மாதங்கள் அவருடையவை

ரிக் வண்டிகள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டன.
சங்ககிரி ரோட்டோரம் வரிசையாய் நிற்கின்றன,
சக்கரத்தில் சட்டீஸ்கர் செம்மண்.
அங்கே மழை பிடித்துவிட்டால்
போர் போடுகிறவனுக்கு வேலையில்லை.
அதனால் எங்கள் ஏற்பாட்டில்
ஆனியிலிருந்து புரட்டாசி வரை
சனி, ஞாயிறுகள் அவருடையவை.
மற்ற மாதங்களில் ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால்,
டவர் கிடைத்தால்.

திருச்செங்கோடே அண்ணாந்து மேகம் பார்க்கிறது.
நானும்தான்.
என் கணக்கு வேறு.

கணக்குதான் என் பிழைப்பும்.
ஸ்பேர்ஸ் கடையில் பில் போடுகிறேன்:
ஹேமர், பிட், கேசிங் பைப், ஓ-ரிங்.
அப்படித்தான் பிடிபட்டது.
மாதாமாதம் ஏழாம் தேதி
எனக்குத் தெரியாத ஒரு நம்பருக்கு ரீசார்ஜ்,
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
பதினெட்டு மாதம்.
அழுகை வருவதற்கு முன்னால்
ஐயாயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு என்று
விடை வந்துவிட்டது எனக்கு.

ஒறம்பரை வந்து உட்கார்ந்தது.
"வெளியூர் போற ஆம்பளைங்க
அப்பிடி இப்பிடித்தான் இருப்பாங்க கண்ணு."
"பாதியும் பாதியும் ஒட்டி நிக்கிற சாமி ஊருல
இருந்துக்கிட்டு இப்பிடிப் பண்ணலாமா?"
ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.
அந்தச் சாமிகிட்ட போன் இல்லீங்க, என்றேன்.
யாரும் காபியைத் தொடவில்லை.

பதினோரு வருசம் 'ஏனுங்' என்று கூப்பிட்ட வாய்.
இப்போது என்னவென்று கூப்பிடுவது?
பேர் சொல்ல நாக்கு கூசியது.
மனசுக்குள் அவன்,
பையன் காதுபட அவர்.
போனில் 'மாமா' என்று இருந்தது,
ஆறு மாதம் வெறும் நம்பராகக் கிடந்தது,
இப்போது 'தரணீஷ் அப்பா'.
அந்த ஒன்றைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை.

முதல் மழைக்கு நான் நல்லவளாக இல்லை.
பையன் வந்ததும் வராததுமாகத் துருவினேன்,
அங்க யாரு சமைச்சாங்க,
அப்பாவுக்கு யாரு போன் பண்ணுனாங்க.
ஏழு வயசு.
ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு தலை நிமிராமல் சொன்னான்:
"அப்பா உன்னப் பத்தி எதுவுமே கேக்க மாட்டாங்கம்மா."
பொக்கென்று போய்விட்டது எனக்கு.
அன்றோடு கேட்பதை விட்டேன்.
வாய்தான் விட்டது. மனசுக்கு இன்னும் நாளாயிற்று.

போன ஆவணியில் அவர் வீட்டில் இருந்தபோது காய்ச்சல்.
ராத்திரி ஒண்ணேகாலுக்கு போன்:
"இவன் எத்தன கிலோ? மருந்து எத்தன எம்எல்?"
எண்ணூறு அடியில் வெறும் புகை வந்தாலும்
நடுங்காத குரல் அது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்,
நடுவில் சொட்டுச் சொட்டாய் ட்ரிப்ஸ்.
விடியற்காலையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்,
வாய் திறந்து.
நகக்கண்ணில் கிரீஸ்.
காதோரம் நரை, நான் பார்க்காமல் வந்தது.
எனக்குள் தேடிப் பார்த்தேன்.
கோபம் அங்கேயேதான் இருந்தது,
அதே ஆழத்தில்.
தண்ணீர் வராத குழியை
யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது.
மேலே மூடி போட்டு வெல்டு வைக்கலாம்.
போடாமல் விட்டால் என்ன விழும் என்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.
எழுந்து மின்விசிறியை இரண்டுக்குக் குறைத்தேன்.
பையனுக்குக் குளிரும் என்றுதான்.

இன்றைக்குச் சனி. தூறல்.
பைக்குள் துணி, கணக்கு நோட்டு, டானிக்.
பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டு
அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்,
அதே இடத்தில் நான் பிடித்ததுபோல.
பார்த்துக்கொண்டு நின்றேன், நிற்க முடிந்தது.
பைக் நகர்ந்து தெருமுனை தொடப் போகையில்
கதவோரம் அது சாய்ந்திருப்பதைக் கண்டேன்.

"நல்லசிவம்!" என்றேன்.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று
அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்.
அப்புறம் என்னை.

"குடை," என்றேன்.
"உட்டுட்டுப் போறான்."