மார்த்தாண்டம், ஜூன் பதினைந்து

இந்த வருஷம் எவ்வளவு வரும்,
ஏகதேசமாச் சொல்லுங்க என்கிறார் ஆடிட்டர் ஜெபசிங்.
கையிலிருப்பது மூன்று மாச ஒப்பந்தம்:
நாலுவழிச்சாலைக்கு டிரோனைப் பறக்கவிட்டு
மண்மேட்டை அளந்து கொடுக்கணும்.
ஆகஸ்டுக்கு அப்புறம்
போன் அடிக்கலாம்.

வெளியே இடவப்பாதி.
ஒன்பது நாளாக டிரோன் பெட்டிக்குள்.
பறக்காத நாளுக்குப் பைசா கிடையாது,
வராத பைசாவுக்கு இன்றே வரி.

கொறச்சுச் சொன்னா வட்டி போடுவான்.
கூட்டிச் சொன்னா?
திரும்ப வரும். அடுத்த வருஷம்.

எதிர்க்கடையில் ரப்பர் ஷீட்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
ஈரத்துக்கென்று கிலோவுக்கு இவ்வளவு
என்று தள்ளுகிறார் வியாபாரி.
விற்க வந்தவள் வானத்தைத் திட்டுகிறாள்.

நானும் தள்ளுகிறேன், மழைக்கு,
பேட்டரிக்கு, தாமதமாய் வரும் பில்லுக்கு.
மிச்சத்தைச் சொல்கிறேன்.
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு
பென்சிலை எடுக்கிறார்.