ஐந்தாவது கம்பு

மழை நாளில் பால்வெட்டு கிடையாது,
கூலியும் கிடையாது.
குலசேகரத்தில் ஏறி, தக்கலையில் மாறி
முட்டத்தில் இறங்குகிறேன்,
மடியில் ஐந்தாவது கம்போடு.

பட்டம் மட்டும் விலைக்கு வாங்கியது.
ஆளை இழுக்கிற சாதி, மூன்று சதுர மீட்டர், பழசு.
திருவனந்தபுரத்தில் ஒருவன்
பிடிக்கிற கம்பு இல்லாமல் பாதி விலைக்குத் தந்தான்.
கம்புதானே, என்றோம்.

முதலாவது, தரை துடைக்கிற மாப்பின் கம்பு.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டாவது பிவிசி. காற்று ஏறியதும்
மீன் கொத்திய தூண்டிலாய் வளைந்து
இரண்டு முனையும் பட்டத்தின் பேச்சைக் கேட்டன.
மூன்றாவது இரும்பு:
பெல்லார்மினின் கணுக்காலுக்கு மேலே
இன்னும் நீலமாய் இருக்கிறது.
நான்காவது, டிஷ் ஆன்டெனாவின் கை.
துளையின் விளிம்பை அரம் போட மறந்தோம்,
அலுமினியம் கயிற்றை அரிந்தது,
பட்டம் போய் மீன் ஏலக்கூடத்தின் கூரையில் படுத்தது.
ஏலம் நின்றது.
"எலே பெல்லார்மின், இந்தத் திருக்கைக்கு என்ன வெல?"

ஐந்தாவது, ரப்பர் மரம்.
பால் வற்றி முறித்ததில் கடைந்தது.
சைக்கிள் டியூப் சுற்றி, அதன்மேல் ஒட்டுப்பால்,
ஈரக்கையிலும் வழுக்காது.
நாற்றம் அடிக்குது என்கிறான் அவன்,
அவுட்போர்டு எஞ்சின் ஆயிலில் குளித்துக்கொண்டு.
மணிக்கட்டுக்கு ஒரு வார்:
கம்பைக் கைவிட்டால் ஒற்றைக் கயிறு மட்டும் இழுபட்டு
பட்டம் உயிரைவிட வேண்டும்.
பிடிக்கிறதைவிட
விடுகிறதுக்குத்தான் அதிக நாள் செலவழித்தோம்.

ஆடிக்காற்று மேற்கே இருந்து வந்தது.
பட்டம் ஏறியது, நிமிர்ந்தது,
வலப்பக்கம் சாய்ந்து
மணலில் முகம் குத்தியது.
மறுபடி. வலப்பக்கம்.
மறுபடி.

கயிற்றின்மேல்தான் முதல் சந்தேகம்.
தென்னையில் ஆணி அடித்து
இரண்டையும் சேர்த்து இழுத்து அளந்தோம்,
ஒரு நெல் வித்தியாசமில்லை.
இடதை வலதில் மாட்டினோம், வலதை இடதில்.
வலப்பக்கமே விழுந்தது.
கம்பைத் திருப்பிப் பிடித்தேன். வலம்.
கம்பை வைதேன்,
கடைந்து தந்தவரை வைதேன்.

"இஞ்ச தா" என்று பெல்லார்மின் வாங்கினான்.
பட்டம் நேரே உச்சிக்குப் போய்
கலங்கரை விளக்கத்துக்கும் மேலே
அறைந்த மாதிரி நின்றது.

அவன் பட்டத்தை விட்டு என் தோளைப் பார்த்தான்.
"லீதியா, ஒரு நாளைக்கு எத்தன மரம்?"
"முந்நூத்தம்பது."
"எந்தக் கை?"

பதினொரு வருடம்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்,
ஒவ்வொரு மரத்துக்கும் அதே சரிவு, அதே இழுப்பு.
சட்டை வலது தோளில் மட்டும் பிடிக்கும்,
தையல்காரி துணி போதாது என்பாள்.
கண்ணாடி ஒருநாளும் சொன்னதில்லை.
இருபது மீட்டர் கயிற்றுக்கு அப்பால்
ஒரு துணி கண்டுபிடித்துவிட்டது.

கையை மாற்ற முடியாது.
வலது கை பிடிக்கும் இடத்தை
நடுப்பக்கமாக இரண்டு விரல் தள்ளி
சிவப்பு டேப் ஒட்டினோம்.
இனி இந்தக் கம்பு வேறு யாருக்கும் ஆகாது.

நேராக நின்றது என்று சொல்லமாட்டேன்.
கொஞ்சம் தலையாட்டியது.
பிறகு காற்றின் நடுவே இறங்கி
என்னைப் பிடுங்கியது.
மணலில் குதிகால் இரண்டும் உழ
பதினைந்து அடி போனேன், இருபது போனேன்.
"விடு! விடுடி!" என்று அவன் ஓடிவந்தான்.
விடுவதற்கு அத்தனை நாள் பழகியவள்
விடவில்லை.

வாயெல்லாம் மணல்.
ஒரு செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது.

"என்னது பிள்ளே அது, சப்பாத்திக் கட்டையா?"
திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
தோட்டத்துக் கணக்கர் போனில் சொன்னார்,
மழை வெறிச்சாச்சு, நாளைக்கு வெட்டு உண்டு.
கடையில் இரண்டு வாரப் பற்று இருக்கிறது.
சரி என்று வைத்துவிட்டு
ஒற்றைக் காலில் செருப்போடு
ஷட்டரைத் தூக்கி,
வேளிமலைப் பக்கம்
ஒரு கருப்பாவது திரண்டிருக்கிறதா என்று பார்த்தேன்.