தலைமாடு கால்மாடு

டாக்டர் செவெல்மா சொல்லிவிட்டாள்:
கட்டில்களைத் தள்ளிப்போட இடமில்லையென்றால்
பிள்ளைகளைத் திருப்பிப் போடு.
ஒருத்தி தலை வடக்கே, அடுத்தவள் தலை தெற்கே,
தலைமாடு கால்மாடாக,
தீக்குச்சிகளை மாற்றி மாற்றி அடுக்கியதுபோல.

"பக்கத்துக் கட்டில் இருமினால்
உன் பாதத்துக்குத்தான் வரும்.
பாதத்துக்குச் சளி பிடிக்காது" என்றேன்.
"பாதம் தும்முமா?" என்றாள் ஹூலன்,
இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை.
அறை முழுக்கச் சிரிப்பு.
சிரிப்பும் தெறிக்கும் என்பது
அப்போது எனக்கு நினைவில்லை.

வெளியே மைனஸ் முப்பத்தி நான்கு.
மணிக்கு ஐந்து நிமிடம் சன்னலைத் திற என்கிறது சுற்றறிக்கை.
எழுதியவர் உலான்பாதரில்
வெந்நீர்க் குழாயில் முதுகைச் சாய்த்திருந்திருப்பார்.
அடுப்புக்காரர் தஷ்ஞாம் கேட்கிறார்:
"நான் எரிக்கும் நிலக்கரியெல்லாம்
அல்தாய் மலை குளிர்காயவா?"
ஆனாலும் திறக்கிறேன்.

கை கழுவும் தண்ணீர் ஆற்றுப் பனிக்கட்டியாக
வண்டியில் வருகிறது. உடைத்து, உருக்கி,
தொட்டியில் ஊற்றுவதற்குள் அடுத்த வரிசை நிற்கும்.
இருபது எண்ணும்வரை சோப்புப் போடு என்றால்
சின்னவன் எர்தெம்
பதினொன்றிலிருந்து பத்தொன்பதுக்குத் தாவுகிறான்.
அவனுக்குக் கணக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

வெள்ளை மாதம் பிறக்க ஆறு நாள்.
பள்ளியைப் பூட்டி எல்லோரையும் அனுப்பிவிடலாம்
என்றார் தலைமையாசிரியர்.
செவெல்மா விடுதிப் பதிவேட்டைக் கேட்டாள்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
வீட்டில் உள்ள கைக்குழந்தைகளை எழுதச் சொன்னாள்.
நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
எதிரே முப்பத்தெட்டு.
"பூட்டினால் காய்ச்சலுக்கும் விடுமுறை.
மோட்டார் சைக்கிள் ஏறி
அதுவும் ஊர் போய்ச் சேரும்."
யாரும் எதுவும் பேசவில்லை.
பதிவேட்டை மூடியவளும் அவளில்லை.

மறுநாள் தோர்லிக் வந்தான்.
தொண்ணூறு கிலோமீட்டர்,
புருவத்தில் உறைபனி, பையில் காய்ந்த தயிர்க்கட்டி.
"கூட்டிப்போக வரவில்லை, செய்தி வந்தது.
பார்த்துவிட்டுப் போகிறேன்."
மகளின் உச்சி முகராமல்
இங்கே எந்த அப்பனும் திரும்பிப் போவதில்லை.
முத்தமென்றால் அதுதான்:
உச்சந்தலையில் மூக்கு, நீளமாய் ஒரு மூச்சு.

நான் குறுக்கே நின்றேன்.
"உள்ளே இழுக்கிற மூச்சுதானே, ஊதவில்லையே" என்றான்.
"இழுப்பதுதான் பயம்.
வீட்டில் புதுசு பிறந்து எத்தனை நாள்?"
"ஒன்பது."
"அதையும் முகர்வாய்தானே?"

அவன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.
ஹூலன் கதவருகே நின்று
முழங்கையில் முகம் புதைத்து இருமினாள்,
சொல்லிக்கொடுத்தபடியே, சரியாக.
பிறகு நடைவழிப் பெஞ்சில் படுத்தாள்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
வலது காலை அவன் பக்கம் நீட்டினாள்.
"அப்பா, பாதம் தும்மாது."

பெரியவர்களுக்கு நேரே கால் நீட்டாதே என்று
வருஷம் முழுக்க அதட்டுபவள் நான்.
வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

தோர்லிக் தொப்பியைக் கழற்றினான்.
குனிந்தான்.
நான்கு நாள் துவைக்காத ஒட்டகக் கம்பளிக் காலுறை.
நீளமாய் ஒரு மூச்சு.
முகம் கோணியது.
"ஆட்டுக்கிடா தோற்றது, போ" என்றான்.
அவள் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள்,
பெஞ்சு குலுங்கியது.

வண்டிச் சத்தம் மேட்டைத் தாண்டி அடங்கும்வரை
அவள் எழவில்லை.
காலுறையைத் துவைக்கக் கேட்டேன், தரவில்லை.

இரவு ஏழு பேருக்குக் காய்ச்சல். நேற்று ஒன்பது.
இது குறைவதா, மூச்சு வாங்க நிற்பதா தெரியாது.
தஷ்ஞாம் அடுப்பைக் கிளறுகிறார்,
மணியைப் பார்க்கிறார், சன்னலைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கவில்லை.

விளக்கடியில் நாட்குறிப்பு:
பார்வையாளர் ஒருவர்.
தொடுகை: இல்லை.
எழுதியதை அடித்துவிட்டு
'கால்' என்று எழுதினேன்.